இரண்டு நூல் குறைந்த வாசல்

கண்ணாடிக்கடைக்காரர் தன் மச்சினனுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் கடன்பட்டிருந்தார்.

மச்சினன் என்றால் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. பழைய இரும்புக்கடை வைத்திருப்பவன். துருப்பிடித்த கட்டில் கால், ஓட்டை வாளி, ஓடாத மின்விசிறி என்று ஊரார் வேண்டாமென்று எறிவதை எடைக்கு வாங்கி எடைக்கு விற்கிற பிழைப்பு. உறவுக்காரர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் அவனைப் பார்த்து, "மாப்ளே, கையைக் கழுவிட்டுத்தானே சாப்பிட உக்காந்தே?" என்று கேட்டுச் சபையைச் சிரிக்க வைத்தவர் நம் கண்ணாடிக்காரர். அவனும் சேர்ந்து சிரிப்பான். அந்தக் கழுவாத கையிலிருந்துதான் இவர் பணம் வாங்கினார். கடனில் பெரிய பாரம் அதுதான், தொகை அப்புறம்.

அதற்கு முன்னால் யாரிடமும் ஒரு தீப்பெட்டி கூடக் கைமாற்றாக வாங்கியதில்லை என்று மார்தட்டிச் சொல்லுவார். சும்மா சொல்லக்கூடாது, அது உண்மையும் கூட. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று ஆகிவிட்டது. நகரத்துக்கு வந்தபோது போட்டிருந்த சட்டையும் அண்ணன் கொடுத்தது. ஒரு படச்சட்டக் கடையில் சில்லு கூட்டி அள்ளுகிற வேலை. விரலில் வெட்டுப்படாத நாள் கிடையாது. முதலாளி சாப்பிடப் போகிற நேரத்தில், குப்பையில் கிடக்கும் துண்டுகளை எடுத்து கண்ணாடி அறுக்கிற வைர முனையால் கீறிக் கீறிக் கையைப் பழக்கினார். பிறகு தள்ளுவண்டி. பிறகு வாடகைக்கு ஒரு சந்து. பிறகு இந்தக் கடை, சொந்தமாக, பத்திரத்தோடு. சலூனில் எதிரும் புதிருமாக நிற்கிற இரண்டு பெரிய கண்ணாடி, பேக்கரியின் வளைந்த அலமாரி, கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவரின் தூசி தடுக்கும் பெட்டி, எல்லாம் இவர் கை.

"இந்தத் தெருவுல எவன் தலை வாரினாலும் என் கண்ணாடியைப் பார்த்துத்தான் வாரணும்" என்பார். வழுக்கைத் தலை சலூன்காரர், "நான் தப்பிச்சேன்" என்பார்.

தெரு அவருக்கு வைத்த பெயர் ஒத்தை அளவு. மற்ற கடைக்காரர்கள் டேப்பைப் பிடித்து அளப்பார்கள், எழுதுவார்கள், மறுபடி அளப்பார்கள், சந்தேகம் வந்து மாலையில் இன்னொரு தரம் வருவார்கள். இவர் ஒரே தடவைதான். காகிதம் கிடையாது, பென்சில் கிடையாது. வாசலில் நிற்பார், டேப்பை ஒரு தரம் விரிப்பார், 'டப்' என்று உள்ளே விடுவார், போய்விடுவார். கண்ணாடி வந்து சட்டத்துக்குள் உட்காரும்போது காற்றுப் புக இடம் இருக்காது. அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். ஒரு நூல் கூடினால் கண்ணாடி உள்ளே நுழையாது, ஒரு நூல் குறைந்தால் காற்றடிக்கும்போது கடகடவென்று ஆடும். அந்த ஒரு நூலைக் கூட அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. "ரெண்டாந்தரம் அளக்கிறவனுக்குத் தன் கண்ணு மேலயே நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம்" என்று வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் சொல்லுவார்.

கடையில் வேலையாள் கிடையாது. கண்ணாடியின் மறு முனையைப் பிடிப்பது மனைவி. உள்ளங்கையில் சாக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போக, அந்த அம்மாள் பின்னால் வருவாள். முகத்தைக் கண்ணாடிப் பக்கம் வைத்துப் பின்னோக்கி நடக்கிறவருக்கு வழி தெரியாது, பின்னால் வருகிறவளுக்கு எல்லாம் தெரியும். "படி" என்பாள். "மேடு" என்பாள். "ஆளு" என்பாள். வாழ்க்கையில் அவர் யாருடைய சொல்லையாவது தட்டாமல் கேட்டார் என்றால் இந்த மூன்று சொல்லைத்தான். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டால் அதுவும் கிடையாது.

இப்படி இருக்கையில் மருந்துக்கடைக்காரர் கடையைப் புதுப்பிக்கக் கிளம்பினார். இரண்டு கடை தள்ளி இருக்கிற, மாடியில் ஒரு குடும்பம் குடியிருக்கிற பழைய கட்டடம். முகப்பு முழுக்கக் கண்ணாடி வேண்டும், தரையிலிருந்து மேலே தாங்குகிற உத்தரம் வரைக்கும், நான்கு பெரிய பலகை. அதுவும் டஃபன் கண்ணாடி. அதாவது சூளையில் வைத்து இறுக்கிய கண்ணாடி. சுத்தியல் பட்டாலும் தாங்கும். ஆனால் இறுக்கிய பிறகு அதை வெட்ட முடியாது, இழைக்க முடியாது, ஒரு துளை போட முடியாது. என்ன அளவு சொன்னோமோ அந்த அளவு, அவ்வளவுதான். பெரிய சாலையில் இருக்கிற ஷோரூம்காரன் விலை கொடுத்திருந்தான். அவன் ஆட்கள் மூன்று பேர் வந்து, சிவப்புக் கதிர் அடிக்கிற கருவியால் அளந்து, படம் வேறு வரைந்துகொண்டு போனார்கள். அதைப் பார்த்ததும் நம்மவருக்குப் பொறுக்கவில்லை. நேரே போய் அவனைவிடக் குறைத்து விலை சொன்னார். மருந்துக்கடைக்காரர் முன்பணம் எடுத்தபோது கையைத் தட்டிவிட்டார்.

"வேலை முடியட்டும் தம்பி. கண்ணாடி வாசல்ல நின்னு உங்க மூஞ்சியைக் காட்டினப்புறம் காசு குடுங்க."

தெருவே கேட்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் சூளைக்காரன் முழுப் பணமும் முதலில் வைத்தால்தான் கண்ணாடியை அடுப்பில் ஏற்றுவான். அந்த நாலு பலகைக்கான பணம் இவர் கையில் இல்லை. முன்பணத்தைக் கேட்டு வாங்கினால் சொன்ன சொல் என்ன ஆவது? ஆகையால் பழைய இரும்புக்கடைக்குப் போனார். மச்சினன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய், பணத்தைப் பழைய நாளிதழில் மடித்துக்கொண்டு வந்து கொடுத்தான். வட்டி என்ன என்று இவர்தான் கேட்டார்.

"உங்ககிட்டப் போய் வட்டியா? முடியறப்பக் குடுங்க அத்தான்."

வட்டி கேட்டிருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

வாசலை அளந்தது வெயில் காலத்தில். அளந்து ஒரு வாரத்துக்குள் தெருவில் கழிவுநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்ட ஆரம்பித்தார்கள். ஆள் ஆழம். கடைகளின் படிக்கட்டை உரசிக்கொண்டு போனது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு மரப்பலகை போட்டார்கள். அதன் மேல் கயிற்றின் மேல் நடக்கிற மாதிரி வாடிக்கையாளர்கள் வந்துபோனார்கள். பழைய குடிநீர்க் குழாய் ஒன்று மண்வாரி எந்திரத்தில் அடிபட்டு, பள்ளத்தில் ஓயாமல் தண்ணீர் கசிந்தது. மண் சரிந்து சரிந்து விழுந்தது. பள்ளத்து ஓரத்தில் அடுப்பு வைத்திருந்த டீக்கடைக்காரர் ஒவ்வொரு நாளும் ஒரு அடி பின்வாங்கி, கடைசியில் பின்வாங்க இடமில்லாமல் அடுப்பை அணைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் கண்ணாடிக்கடையின் மரக்கதவு நிலையில் உரச ஆரம்பித்தது. இத்தனை வருடமாக ஒரு விரலால் தள்ளினால் திறக்கிற கதவு. மனைவி அதை இடுப்பால் இடித்துத் திறந்தாள். திறந்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"என்னங்க, நம்ம கதவே உரசுது. மருந்துக்கடை வாசலை இன்னொரு தரம் அளந்து பார்த்துட்டுச் சூளைக்குச் சொல்லுங்களேன்."

"ஈரத்துல மரம் ஊதும். இது கூடத் தெரியாம இத்தனை நாளா கண்ணாடி தூக்கினியா?"

"மரம் ஊதினா சுத்தியும் உரசும். இது மேல ஒரு மூலையில மட்டும் உரசுது."

அவள் கண்ணாடியின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். வெறுங்கையோடு நின்று சொன்னாள். தவிர, மருந்துக்கடை வாசலில் போய் இரண்டாந்தரம் டேப்பை விரித்தால் எதிரில் சலூன்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவர் வாய் சும்மா இருக்குமா? கண்ணாடிக்காரர் தச்சரிடம் இழைப்புளியை வாங்கிவந்து, கதவின் அந்த ஒரு மூலையை மட்டும் இரண்டு நூல் இழைத்துச் சரிசெய்தார். கதவு பழையபடி ஒரு விரலுக்குத் திறந்தது. அந்தக் கையோடு சூளைக்குப் போய், மனதில் இருந்த அளவைச் சொல்லிப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

கண்ணாடி வந்த அன்று திருவிழாக் கூட்டம். இவரே எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார். இவர் வாக்கை நம்பி மருந்துக்கடைக்காரர் பழைய மரக்கதவுகளையும் மரச்சட்டங்களையும் பிடுங்கி விறகுக்குக் கொடுத்துவிட்டு, வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தார். வண்டி தெருமுனைக்கு மேல் வர வழியில்லை. வண்டிக்காரர்கள் இருவர், இவர், மனைவி என்று நாலு பேருமாகப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பள்ளத்தைத் தாண்டினார்கள். "மேடு." "படி." "ஆளு."

முதல் பலகை போய் உட்கார்ந்தது. கைதட்டினார்கள். இரண்டாவது கொஞ்சம் முனகிக்கொண்டு உட்கார்ந்தது. மூன்றாவதைத் தூக்கி நிறுத்தினார்கள். கீழே அமர்ந்தது, மேலே போகவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். காலைவிடச் சின்னச் செருப்பில் காலை நுழைக்கிற கதைதான். அவர் ஏணியில் ஏறி உத்தரத்தின் அடியில் விரலை ஓட்டினார். பள்ளத்து மண் சரிந்த வலது பக்கமாகக் கட்டடம் இறங்கியிருந்தது. இடது கோடியில் அவர் அளந்தது அளந்தபடி இருந்தது. வலது கோடியில் இரண்டு நூல் குறைந்திருந்தது.

ஏணியிலிருந்து அவர் இறங்கவில்லை. இறங்கினால் எதையாவது சொல்ல வேண்டியிருக்கும்.

உத்தரத்தின் அடியைக் கொஞ்சம் கொத்திவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த பெண்மணி, "கொத்துங்க, கொத்துங்க, நாங்க குடும்பத்தோட உங்க கடைக்குள்ள வந்து எறங்கிடறோம்" என்றாள். அவள் சொன்னது கேலி இல்லை. உத்தரத்தில் தலைமயிர் அளவுக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. கொத்தனார் வந்து பார்த்து, அதன் மேல் கையை வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். சுவரைத் தொடக்கூடாது. கண்ணாடியைத் தொட முடியாது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு நூல்.

மறுநாள், உட்கார்ந்த இரண்டையும் கழற்றி, நாலு பலகைகளையும் தன் கடைக்கே திருப்பித் தூக்கிவந்தார்கள். மத்தியானம் மனைவி சமையலுக்கு உள்ளே போன நேரத்தில், அவர் ஒரு பலகையை மேசை மேல் கிடத்தினார். இறுக்கிய கண்ணாடியில் சாணை பிடிக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாதா? அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆனாலும் தன் கைக்காக ஒரு தரம் அது இறங்கி வராதா என்று ஒரு சபலம். தண்ணீரைத் தெளித்து, சாணைக்கல்லை ஓரத்தில் வைத்து, குழந்தையின் கன்னத்தைத் தடவுகிற மாதிரித் தடவினார். நாலைந்து தடவலுக்குக் கேட்டது. அப்புறம் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். முழுப் பலகையும் கற்கண்டுத் துகளாகப் பொலபொலவென்று கொட்டியது. மேசை மேல் ஒன்றுமில்லை. கையில் கல் மட்டும் இருந்தது.

மனைவி ஓடிவந்தாள். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கீறல் இல்லை. துடைப்பத்தை எடுத்துக் கூட்டினாள். அவர் கூட்டுகிறேன் என்று கையை நீட்டினார், கொடுக்கவில்லை.

பிறகு அலைந்தார். பள்ளம் வெட்டுகிற மேஸ்திரியிடம் போனார். கட்டடச் சொந்தக்காரரைக் கேள் என்றான். கட்டடக்காரரிடம் போனார், பள்ளம் வெட்டினவனைக் கேள் என்றார். குழாய் அலுவலகத்துக்குப் போனார். ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு அனுப்பி, கடைசியில் ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். அங்கே இருந்தவர் நல்ல மனுஷன். உட்காரச் சொல்லித்தான் கேட்டார்.

"கட்டடம் உங்களுதா?"

"இல்லீங்க."

"மருந்துக்கடை உங்களுதா?"

"இல்லீங்க."

"அப்ப உங்களுக்கு என்ன சேதம்?"

"கண்ணாடிங்க."

"பள்ளத்துனால கண்ணாடி உடைஞ்சிடுச்சா?"

"மூணு நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு உடைஞ்சுது."

"அது எப்படி உடைஞ்சுது?"

அவர் மேசையைப் பார்த்தார். மேசை மேல் போட்டிருந்த கண்ணாடி ஒரு பக்கம் அளவு குறைவாக வெட்டப்பட்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் யார் வெட்டியது என்று கேட்டிருப்பார்.

"நான்தான் உடைச்சேன்" என்றார்.

அந்த மனுஷன் பேனாவை மூடி வைத்தார். இவரும் எழுந்து வந்துவிட்டார்.

மருந்துக்கடைக்காரர் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம். "அண்ணே, உங்களைக் குறை சொல்லலை. தார்ப்பாயைக் கட்டிக்கிட்டு எத்தனை நாளு மருந்து விக்கிறது? தூசி பூராவும் உள்ள வருது" என்றார். குறைந்த அளவில் மறுபடி கண்ணாடி செய்து தரலாம் என்றால் கண்ணாடிக்காரர் கையில் பணமில்லை, கட்டடம் இறங்குவது நின்றுவிட்டது என்று சொல்ல ஆளுமில்லை. மருந்துக்கடைக்காரர் இரும்பு ஷட்டர் போட்டுக்கொண்டார். இரும்புக்கு இரண்டு நூல் ஒரு பொருட்டா? கடகடவென்று ஏறி இறங்கியது. காலையும் மாலையும் அந்தச் சத்தம் கேட்கிறபோது கண்ணாடிக்காரர் கடைக்குள்ளே எதையாவது தேடுகிறவர் போலக் குனிந்துகொள்வார்.

மச்சினனும் ஒருநாள் வந்தான். பணத்துக்கு இல்லை. மூன்று பலகையையும் சுற்றி வந்து, தன் தொழில் கண்ணால் எடை போட்டுப் பார்த்தான்.

"எடைக்குப் போடலாம்னா இதை உருக்கறவன் கூட வாங்க மாட்டான் அத்தான். சாதாக் கண்ணாடின்னா எடுப்பான்."

"உன் கடைக் குப்பைக்குக் கூட ஆகாதுங்கற" என்றார் இவர்.

"அப்படிச் சொல்லலை அத்தான்" என்றான் அவன். அவன் முகத்தில் கேலி ஒரு துளி இல்லை. பழைய நாள் ஞாபகத்தில் அவன் ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் தேவலை என்று இவருக்கு இருந்தது.

பள்ளத்தை லேசில் மூடவில்லை. கண்ணாடி வாங்க யாரும் பள்ளத்து மரப்பலகை ஏறி வரவில்லை. கைப்பிடிக் கண்ணாடி, உடைந்த படச்சட்டம் என்று சில்லறை வேலைதான். அடுப்பை அணைத்துவிட்டு நின்ற டீக்கடைக்காரர் ஒருநாள் வந்து, கடையின் முன்பாதியை வாடகைக்குக் கேட்டார். கண்ணாடிக்காரர் சிரித்தார். வாடகை கொடுத்துத் தேய்ந்த கை இது, சொந்தக் கடையில் அடுப்புப் புகையா என்று தொடங்கி, தள்ளுவண்டிக் காலத்திலிருந்து முழுக் கதையையும் சொன்னார். டீக்கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். கதை முடிந்ததும் உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"நாளைக்கே அடுப்பைக் கொண்டாந்து வையுங்கண்ணே. வாடகையை அன்னன்னிக்குச் சாயங்காலம் என் கையில குடுத்துடுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். கதவு நிலையில் நின்றுகொண்டிருந்தாள், அவர் இழைத்த அந்த மூலைக்குப் பக்கத்தில்.

மூன்று பலகைகளையும் செங்கல் அடுக்கி அதன் மேல் கிடத்தினார்கள். டீ குடிக்க மேசை. கொதிக்கிற பாத்திரத்தை அப்படியே வைக்கலாம், ஆள் ஏறி நின்றாலும் அசையாது. தெருவில் டீ வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. பள்ளம் வெட்டுகிற ஆட்களே முதல் வாடிக்கை. அவர் பின்பாதியில், அரை வெளிச்சத்தில், சின்னச் சின்னத் துண்டு வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன்னாலிருந்து பேச்சு காதில் விழும். "அரண்மனையில கூட இப்படி மேசை கிடையாதுடா" என்பான் ஒருவன். "ஒத்தை அளவு கண்ணாடியாச்சே, சும்மாவா" என்பான் இன்னொருவன். முதலில் வெளியே போய்ப் பதில் சொன்னார். பிறகு உள்ளிருந்தபடியே சொன்னார். பிறகு சொல்வதை விட்டுவிட்டார். ஒருநாள் சாயங்காலம், யாரோ சிந்திவிட்டுப் போன டீயை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துணிக்கு அடியில் தன் முகம் தெரிந்ததும் அந்த இடத்தை மட்டும் துடைக்காமல் விட்டார்.

மனைவி ஒரு தகர டப்பாவில் வாடகையைப் போட்டுவந்தாள். எவ்வளவு சேர்ந்தது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பள்ளத்தை மூடித் தார் போட்ட பிறகும் டீக்கடை போகவில்லை. போகச் சொல்ல இவரால் முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒருநாள் காலையில் அவள் டப்பாவை அவர் மடியில் வைத்தாள்.

"தம்பியை வரச் சொல்லியிருக்கேன். நீங்களே குடுங்க. நீங்கதானே வாங்கினீங்க."

மச்சினன் வந்தான். கடைக்கு வெளியே குழாயடியில் கையை நன்றாகக் கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். எப்போதும் அப்படித்தான் வருகிறவன் போலும். இவர்தான் இத்தனை வருடமாகப் பார்த்ததில்லை. டீ மேசைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். அவர் டப்பாவைக் கவிழ்த்தார். பெரிய நோட்டு கொஞ்சம், மற்றதெல்லாம் டீக்கறை படிந்த சின்ன நோட்டு, அடியில் சில்லறை. எதிர்ச் சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ண வேண்டாம் அத்தான். அக்கா எண்ணித்தான் வெச்சிருப்பா."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோட்டுகளைத் தட்டி நிமிர்த்தி, கண்ணாடி மேல் வகை வகையாக அடுக்கி, உதடு அசைய எண்ணி முடித்தார். சரியாக இருந்தது. மச்சினன் கையை விரித்து நீட்டினான். பழைய இரும்பு கீறிக் கீறிக் காய்த்த கை. அவர் பணத்தை அதில் வைக்கப் போனவர், நிறுத்தினார். எல்லாவற்றையும் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முதலிலிருந்து, ஒவ்வொரு நோட்டாக, இரண்டாந்தரம் எண்ணி எண்ணி அந்த விரித்த கையில் வைத்தார்.